பூட்டிய வீடு, காலி மனை, ஊருணி: சங்கச் செயலாளராகி நாலு மாதம், யோசனை வேண்டும்

செம்மண்தரை எழுதியது:

வணக்கம். காரைக்குடியை ஒட்டி, கோட்டையூர் போகிற பக்கத்தில் எங்கள் மனைப்பிரிவு. ஏழு ஏக்கர், 96 மனை. வீடு கட்டியவர்கள் 58 பேர், அதில் ஆள் குடியிருப்பது 41 வீட்டில்தான். மற்ற 17 வீடும் வருடம் முழுக்கப் பூட்டு. வீட்டுக்காரர்கள் சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசையில். பாக்கி 38 மனை காலி, சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எங்கள் மனைப்பிரிவுச் சங்கத்தின் ஆடி மாதக் கூட்டத்தில் பழைய செயலாளர் உடம்புக்கு முடியவில்லை என்று ரசீதுப் புத்தகத்தையும் மோட்டார் அறைச் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டார். அன்றைக்கு அதை நான் எடுத்துக்கொண்டேன்.

கணக்கு இதுதான். சந்தா வீட்டுக்கு மாதம் 400, காலி மனைக்கு 100. முழுசாக வசூலானால் 27,000. வருவது 15,500, சில மாதம் அதுவும் இல்லை. செலவு என்று பார்த்தால், தண்ணீர் திறந்துவிட்டு இரவில் ஒரு சுற்று வருகிறவருக்கு 9,000, தெருக் கூட்டுகிற இரண்டு அம்மாக்களுக்கு 6,000, மோட்டார் கரண்ட் பில் மாதத்துக்குப் பிரித்தால் 4,500, வால்வு, பைப்பு, மோட்டார் காயில் கட்டுவது என்று சராசரி 2,000. மாதம் ஆறாயிரம் துண்டு விழுகிறது. கையிருப்பு கரைந்து 11,340-ல் நிற்கிறது. வர வேண்டிய பாக்கி மட்டும் 2,86,000.

பணம் போகட்டும், என்னைத் தூங்கவிடாதவை வேறு இரண்டு. பூங்காவுக்கென்று விட்ட இடம் 50 சென்ட் இருக்கும். ஒரு மூலையில் மாடு கட்டுகிறார்கள், இன்னொரு மூலையில் வீடு கட்டுகிற ஒருவர் ஜல்லியும் மணலும் கொட்டியிருக்கிறார், நடுவில் பிள்ளையார் கோயில் கட்டலாம் என்று கீழவீதியில் பேச்சு நடக்கிறது. அப்புறம் வடக்கே இருக்கிற ஊருணி. மனைப்பிரிவு வருவதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்தே அது அங்கே இருக்கிறது. எங்கள் தெருக்களின் மழைநீர்க் கால்வாய் அதில்தான் போய் விழும்படி மட்டம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இருபது வீட்டுக்காரர்களாவது பாத்ரூம் தண்ணீரையும் அடுப்படித் தண்ணீரையும் குழாய் வைத்து அதே கால்வாயில் விட்டுவிட்டார்கள். இந்தக் கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்தது. பார்க்கப் போனேன், கரையில் நிற்க முடியவில்லை, அவ்வளவு நாற்றம். என் அம்மா அந்த ஊருணியில் குடத்தை அமுக்கித் தண்ணீர் எடுத்தவர்.

இதைச் சரிக்கட்டியவர்கள் யாராவது இருந்தால் எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.

இரும்புக்கதவு எழுதியது:

பாக்கி வைத்திருக்கிற வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரே வாரத்தில் பணம் வரும்.

தொட்டிமேடு எழுதியது:

அதை மட்டும் செய்யாதீர்கள் அண்ணே. முதலில், பாக்கியில் பெரும்பங்கு பூட்டிய வீட்டுக்காரர்களுடையது, அவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? நிறுத்தினால் தவிக்கப்போவது குடியிருக்கிற வீடுகளில் கையில் காசில்லாத மூன்று நான்கு பேர்தான். எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் அப்படிச் செய்தது. அந்த வீட்டில் படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். விஷயம் காவல் நிலையம் வரை போய், அன்றைக்கு முகம் திருப்பிக்கொண்ட இரண்டு தெருவும் இன்றைக்கும் ஒரு விசேஷத்துக்குக்கூட ஒன்றுக்கொன்று போவதில்லை. சங்கம் கலைந்தே போயிற்று.

நான் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவள். எங்களுக்குக் கைகொடுத்தது சந்தாவை இரண்டாகப் பிரித்ததுதான். தண்ணீர்க் கட்டணம் தனி, பொதுப் பராமரிப்பு தனி. "நான் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லையே, எதற்கு 400?" என்று பூட்டிய வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தெரு விளக்கு எரிவதும், இரவில் ஒருவர் சுற்றி வருவதும், வாசலில் குப்பை சேராமல் இருப்பதும் பூட்டிய வீட்டுக்குத்தான் அதிகம் வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். பராமரிப்பு எல்லா வீட்டுக்கும் 250 என்றால் 14,500. காலி மனைக்கு 150 என்றால் 5,700. குடியிருக்கிற 41 வீட்டுக்குத் தண்ணீர் 200 என்றால் 8,200. மொத்தம் 28,400. குடியிருப்பவர்களுக்கு மாதம் 50 ரூபாய் கூடும், பூட்டிய வீட்டுக்கு 150 குறையும். காலி மனைக்கு 50 கூடுகிறது, அதற்கு ஈடாக வருடத்துக்கு ஒரு தடவை முள் வெட்டிக் கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி வெட்டியும் கொடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் திறந்துவிடுகிறவருடைய சம்பளத்தை எந்த மாதமும் தள்ளிப் போடாதீர்கள். எங்களிடம் பணம் இல்லாத மாதத்தில் கரண்ட் பில்லுக்கு முன்னால் அவருக்குத்தான் கொடுப்போம். எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருப்பினால் மேல்வீதிக்கு ஏறும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும், நம் நோட்டில் அது இல்லை. முடிந்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வால்வு இருக்கிற இடங்களையெல்லாம் ஒரு வரைபடமாகப் போட்டு வையுங்கள்.

செம்பவாங் வாசி எழுதியது:

நான் அந்தப் பூட்டிய வீட்டுக்காரர்களில் ஒருவன். உங்கள் மனைப்பிரிவு இல்லை, தேவகோட்டை ரஸ்தாப் பக்கம். சிங்கப்பூரில் 14 வருடம் ஆகிறது. அப்பாவுக்காகக் கட்டிய வீடு, அப்பா போன பிறகு பூட்டித்தான் கிடக்கிறது.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் ஒழுங்காகப் பணம் அனுப்பினேன். ஒரு தடவை மோட்டார் எரிந்துவிட்டது என்று தனியாக 3,000 கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். கணக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டதற்கு "நம்பிக்கை இல்லையா தம்பி" என்றார் ஒரு பெரியவர். அதோடு நிறுத்திக்கொண்டேன். போன வருடம் வந்தபோது என் வாசலில் யாருடைய வீட்டு இடிசல் கல்லோ ஒரு லாரி அளவுக்குக் கொட்டிக் கிடந்தது. அன்றைக்கு எனக்குப் பணம் கட்டத் தோன்றவில்லை, வீட்டை விற்றுவிடலாமா என்றுதான் தோன்றியது.

வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி, மாதா மாதம் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். வருடச் சந்தாவை ஒரே தடவையில் கட்டச் சொல்லுங்கள், எங்களுக்கு அதுதான் சுலபம். கூட்டம் வைத்தால் நாங்கள் ஊருக்கு வருகிற நாளில் வையுங்கள். ஆடியில் கூட்டம் வைத்தால் எங்களில் யார் வர முடியும்?

இரண்டாங்கட்டு எழுதியது:

செம்பவாங் தம்பி சொல்வதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்கு 67 வயது, கானாடுகாத்தான் பக்கத்து ஊர். வெளியூரில் இருக்கிறவர்களிடம் பொதுக் காரியத்துக்குப் பணம் வசூலிப்பது நம் பக்கத்துக்கு ஒன்றும் புதிது இல்லை. எங்கள் அப்பச்சி பர்மாவில் இருந்தார், சின்னையா மலாயாவில் இருந்தார், ஊர்க் கோயில் நோட்டில் இரண்டு பேர் பெயரும் எப்போதும் இருந்தது. கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. கணவனோ மனைவியோ தனித்துப் போனால் அரைப்புள்ளி. புள்ளிக்கு இத்தனை என்று வரி, பெரிய வீட்டுக்காரருக்கும் அதேதான், சின்ன வீட்டுக்காரருக்கும் அதேதான். எந்தச் சீமையில் இருந்தாலும் புள்ளி ஊரில்தான்.

அது எப்படி நடந்தது என்றால், கொடுத்த வரி என்ன ஆயிற்று என்று எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார்கள். எண்ணெய் இத்தனை, பூ இத்தனை, வெள்ளை அடித்தது இத்தனை என்று ஒருவர் உட்கார்ந்து படிப்பார். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எங்களுக்கு அலுப்பாக இருக்கும். யாராவது ஒருவர் நடுவில் நிறுத்தி, "போன வருடம் இது குறைச்சலாக இருந்ததே" என்று கேட்பார். கணக்கப்பிள்ளை பக்கத்தைப் புரட்டிப் பதில் சொல்வார். கேட்டவர் மேல் யாருக்கும் வருத்தம் வராது, கணக்கைக் கேட்பதும் கோயில் காரியத்தில் ஒரு பகுதி என்றுதான் நினைத்தார்கள். நம்பிக்கை இல்லையா என்று அந்தப் பெரியவர் கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் தெரியும்தானே. நூற்றுக்கணக்கான புள்ளிகள் வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டு எடுத்துத்தான் தீர்மானிப்பார்கள், யாருக்கு எத்தனை பணம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உங்கள் சங்கத்திலும் தெருப் பொறுப்புக்கு ஆள் வர மறுத்தால் சீட்டுப் போடுங்கள் தம்பி. சீட்டில் வந்த பெயரை யாரும் தள்ள மாட்டார்கள்.

எங்களிடம் கெட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். பங்காளிகள் நிறையப் பேராகிப்போன பெரிய வீடுகளில் முகப்பு ஓட்டில் ஒன்று உடைந்தால் யார் மாற்றுவது என்று முடிவாவதற்குள் நாலு மழை வந்துவிடுகிறது. தேக்கு உத்தரம் நனைந்து கெட்டுவிடுகிறது. ஓட்டுக்கு இருநூறு ரூபாய் ஆகும் என்றால் உத்தரத்துக்கு லட்சத்தில் ஆகும். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லோரும் கூடுகிற அன்றைக்கே பழுதுச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வைத்த வீடுகள்தான் இன்றைக்கும் நிற்கின்றன. நீங்களும் மாதச் செலவு போக மழைக்கு முந்தின பழுதுக்கென்று ஒன்று ஒதுக்குங்கள்.

செம்மண்தரை எழுதியது:

ஆச்சி, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன். அக்கா சொன்ன இரட்டைச் சந்தாவை நோட்டில் எழுதிக்கொண்டேன். கூட்டத்தைக் காணும் பொங்கல் அன்றைக்கு வைப்பதாக இன்றைக்கே குழுவில் போட்டுவிட்டேன்.

பூங்கா பற்றி யாராவது?

பழைய ஆவணம் எழுதியது:

பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வரிசையாகக் கேளுங்கள்.

உங்கள் சங்கம் பதிவானதா? 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே பதியலாம், அதனால் பலரும் பதிந்துவிடுகிறார்கள். பிறகு மறந்துவிடுகிறார்கள். வருடா வருடம் பொதுக்குழுக் கூட்டி, வரவு செலவையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது, அதற்குப் பிறகு மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய செயலாளர் மேஜையில் வைத்த சாவியை நீங்கள் எடுத்தது நல்ல மனசு. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறி, தாக்கலும் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியில் கையெழுத்து மாற்றும்போது நிற்பீர்கள்.

பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறவிடமாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுடையது ஏழு ஏக்கர், அதாவது 28,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரோடு போக 20,000 என்று வைத்தால் பத்தில் ஒன்று 2,000 சதுர மீட்டர். நீங்கள் சொன்ன 50 சென்ட் சரியாக வருகிறது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம். பதிவாகியிருந்தால் அந்த இடம் சங்கத்தின் சொத்து இல்லை, மனை விற்றவருடைய சொத்தும் இல்லை. உள்ளாட்சியுடையது. சங்கம் அதைப் பராமரிக்க அனுமதி கேட்கலாம், மரம் வைக்கலாம். யாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஒரு சிக்கல் வரும். அந்தப் பத்திரம் எழுதின காலத்தில் உங்கள் இடம் ஊராட்சியில் இருந்திருக்கும். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் அதோடு சேர்ந்தன. ஊராட்சியில் இருந்த கோப்பு மாநகராட்சிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். நீங்களே நகல் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. அவர்கள் தேடட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் மாடு கட்டினவர் கொட்டகை போட்டுவிடுவார்.

கீழவீதி 7 எழுதியது:

நான் அதே மனைப்பிரிவுதான். செயலாளர் என்னை யார் என்று கண்டுபிடித்துவிடுவார், பரவாயில்லை. கோயில் பேச்சை எடுத்தவர்களில் நானும் ஒருவன். அதை ஏதோ ஆக்கிரமிப்பு மாதிரி இங்கே எழுதியிருப்பது வருத்தமாக இருக்கிறது. எங்கள் தெருவில் வயசான பெண்கள் பதினைந்து பேராவது இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் வெளியூர். சாயங்காலம் ஆனால் போய் உட்கார ஓர் இடம் இல்லை. பிள்ளையார்பட்டி போக வேண்டும் என்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளையார், ஒரு விளக்கு, சுற்றி ஒரு திண்ணை. எங்கள் அம்மாவும் அவர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.

பழைய ஆவணம் எழுதியது:

தம்பி, உங்கள் நோக்கத்தில் குறை சொல்லவில்லை. இடம்தான் பிரச்சினை. பொது இடத்தில் புதிதாக எந்த மத வழிபாட்டுக் கட்டடமும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே உத்தரவு போட்டிருக்கிறது, எந்த மதமானாலும் சரி. திறவிடம் ஒதுக்குகிற விதி செல்லும் என்றும் 2023 பிப்ரவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. நீங்கள் பணம் திரட்டிக் கட்டி, கும்பாபிஷேகமும் செய்து, ஐந்து வருடம் கழித்து ஒருவர் வழக்குப் போட்டால் அந்த ஆச்சிமார்கள் கண் முன்னால்தான் இடிக்க வேண்டி வரும். 38 மனை காலியாக இருக்கிறதே. யாராவது ஒருவர் தன் மனையில் ஒரு மூலையைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அங்கே கேளுங்கள், முறையான அனுமதியோடு.

தொட்டிமேடு எழுதியது:

கீழவீதித் தம்பி, உங்கள் அம்மாவுக்கு வேண்டிய அந்தத் திண்ணையைப் பூங்காவிலேயே போடலாமே. வேப்பமரத்தடியில் நாலு சிமெண்டு பெஞ்சு, ஒரு விளக்கு. அதற்கு மாநகராட்சி மறுக்காது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மரத்தடியில்தான் சங்கத்துக் கூட்டமே நடக்கும்.

வரத்துக்கால் எழுதியது:

ஊருணியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிது.

நம் ஊர் பெரிய வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள், செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் சேர்த்தார்கள். வருகிறவர்கள் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தெருவின் சாய்வைப் பார்ப்பதில்லை. கூரைத் தண்ணீர் வளவில், அதாவது நடு முற்றத்தில் விழும், அங்கே அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருக் கால்வாய்க்கு வரும், கால்வாய் ஊருணிக்குப் போகும், ஊருணி நிறைந்தால் அடுத்ததற்கு வழியும். மழையை விட்டால் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது நமக்கு. அதனால் தெருப் போடும்போதே தண்ணீர் எங்கே போகும் என்று முடிவு செய்தார்கள். உங்கள் மனைப்பிரிவுக் கால்வாயையும் யாரோ ஒருவர் அந்த நினைப்போடுதான் ஊருணிப் பக்கம் சாய்த்து விட்டிருக்கிறார். அப்படி ஒருவர் பார்த்துச் செய்ததை விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது. முதலில் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த ஊருணி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். புறம்போக்கு என்று இருந்தால் ஜேசிபியைக் கொண்டுபோய் இறக்காதீர்கள். அனுமதி இல்லாமல் மண் வெட்டி வெளியே கொண்டுபோனால் கனிமச் சட்டத்தில் மாட்டுவது நீங்கள்தான். கையால் செய்கிற வேலைக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டே செய்யுங்கள்.

அடுத்து, கழிவுநீர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி போட்டோம். நாலடிக்கு நாலடி, ஆறடி ஆழம், அடியில் பெரிய கல், அதற்கு மேல் சின்னக் கல், மேலே மூடி. குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், இவ்வளவுதான் அதில் போகலாம். அடுப்படிக் குழாய்க்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு நிற்க ஒரு சின்னத் தொட்டி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் குழி அடைத்துக்கொள்ளும். போர்வெல் இருக்கிற இடத்திலிருந்து ஐம்பதடி தள்ளிப் போடுங்கள். நம் செம்மண் நன்றாக உறிஞ்சும், ஆனால் சில இடத்தில் மூன்றடிக்குக் கீழே செம்பாறை இறுகி நிற்கும். தோண்டினதும் ஒரு டிரம் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கல் போடுங்கள். செப்டிக் டேங்க் வழிகிற தண்ணீர் வேறு விஷயம், அதைக் கால்வாயிலும் விடக் கூடாது, இந்தக் குழியிலும் விடக் கூடாது.

கால்வாய் ஊருணியில் விழுகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வண்டல் குழி, அதற்கு முன்னால் ஒரு கம்பி வலை. பிளாஸ்டிக் வலையில் நிற்கும், மண் குழியில் நிற்கும், தண்ணீர் உள்ளே போகும். மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு தடவை அந்தக் குழியை அள்ளிவிட வேண்டும். கரையில் நிற்கிற சீமைக்கருவேலத்தை வெட்டினால் துளிர்க்கும், மழை ஈரத்தில் வேரோடு பிடுங்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன் செயலாளரே. எங்கள் ஊருணியில் தண்ணீர் நின்ற இரண்டாவது கோடையில் தெருப் போர்வெல்லில் மோட்டார் ஓடுகிற நேரம் குறைந்தது. காற்று இழுக்காமல் தண்ணீர் வந்தது. பூட்டிய வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள், அவர்கள் கிணற்றுக்கும் இதே கதைதான்.

இரும்புக்கதவு எழுதியது:

தண்ணீரை நிறுத்தச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பெரியவர் விஷயத்தைப் படித்தது மனசைச் சங்கடப்படுத்திவிட்டது. ஒரு கேள்வி: பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் என்ன?

தொட்டிமேடு எழுதியது:

தள்ளுபடி செய்தால் ஒழுங்காகக் கட்டினவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அடுத்த வருடம் அவர்களும் கட்ட மாட்டார்கள். தவணை கொடுக்கலாம்.

செம்மண்தரை எழுதியது (தை மாதம்):

நடந்ததைச் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்றில் தானப் பத்திரம் கிடைத்தது. 2012-ல் பூங்கா இடமும் ரோடும் சேர்த்து ஊராட்சி பெயருக்கு எழுதியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேலாக நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. நகலோடு மாநகராட்சியில் மனு கொடுத்துவிட்டோம், ரசீது வாங்கியிருக்கிறேன். அறிவிப்புப் பலகை வைக்கிறோம் என்றிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஆனால் நகலைக் கூட்ட அழைப்பிதழோடு சேர்த்து எல்லோருக்கும் அனுப்பினேன், ஜல்லி கொட்டினவர் ஒரு வாரத்தில் தானாகவே அள்ளிவிட்டார்.

மாடு விஷயத்தில் சண்டை போடவில்லை. இரண்டு குடும்பம், பால் ஊற்றித்தான் பிழைக்கிறார்கள். பெங்களூரில் இருக்கிற ஒருவர் தான் வீடு கட்டுகிற வரைக்கும் தன் காலி மனையில் கட்டிக்கொள்ளட்டும், முள் வளராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு குடும்பம் போய்விட்டது. இன்னொரு குடும்பத்துக்கு அந்த மனை தூரமாக இருக்கிறதாம், பேசிக்கொண்டிருக்கிறோம்.

காணும் பொங்கல் அன்றைக்குச் சாயங்காலம் பூங்காவில் ஜமுக்காளம் விரித்துக் கூட்டம். 63 பேர் வந்தார்கள், ஆடிக் கூட்டத்துக்கு வந்தது 19 பேர். ஆச்சி சொன்ன மாதிரி கணக்கை ஒரு வரி விடாமல் வாசித்தேன், நாற்பது நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒருவர் ஒரு வால்வுக்கு 1,850-ஆ என்று கேட்டார், பில்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடுத்து இன்னொருவர் கேட்டார். பழைய செயலாளரும் வந்திருந்தார், தன் காலத்து இரண்டு செலவுக்குப் பில் இல்லை என்று அவரே எழுந்து சொன்னார். யாரும் ஒரு வார்த்தை அவரைக் குறைவாகப் பேசவில்லை. இரட்டைச் சந்தா நிறைவேறியது. பாக்கியைத் தள்ளுபடி செய்யவில்லை, பத்து மாதத் தவணை. அன்றைக்கே 46,000, இதுவரை மொத்தம் 1,12,000 வந்திருக்கிறது. நிர்வாகிகளை முறையாகத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் எழுதியாயிற்று, தாக்கலுக்கு ஐயா சொன்னபடி தயார் செய்துகொண்டிருக்கிறோம். நாலு தெருப் பொறுப்புக்கும் சீட்டுப் போட்டோம். கீழவீதிக்கு வந்த பெயர் இங்கே எழுதிய கீழவீதி 7 தம்பியுடையது.

ஊருணி பதிவேட்டில் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. வட்டாட்சியருக்கும் மாநகராட்சிக்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம். வீடு வீடாகப் போய் எண்ணியதில் கால்வாயில் குழாய் விட்டிருப்பது 23 வீடு. அதில் ஒன்று என் அண்ணன் வீடு. முதல் குழியை அங்கேதான் தோண்டினோம், ஆறடிக்கு மண்ணாகவே இருந்தது, டிரம் தண்ணீர் அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. இதுவரை 9 வீடு முடிந்தது. 4 வீட்டில் சுவர் வரைக்கும் கட்டிவிட்டதால் குழிக்கு இடமே இல்லை, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ரோட்டோரத்தில் பொதுவாக ஒரு பெரிய குழி போட மாநகராட்சியில் கேட்டிருக்கிறோம். வரத்துக்கால் அண்ணே, உங்களுக்கு வேறு வழி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கீழவீதி 7 எழுதியது:

இரண்டு பெஞ்சு போட்டாயிற்று, விளக்குக் கம்பம் அடுத்த மாதம். அம்மா நேற்று சாயங்காலம் அங்கேதான் இருந்தார்கள். கோயிலுக்கு ஒருவர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பத்திரம் ஆன பிறகு மற்றதைப் பேசுவோம்.

வரத்துக்கால் எழுதியது:

அந்த 4 வீடும் பக்கம் பக்கமாக இருந்தால், பின்னால் இருக்கிற காலி மனைக்காரரிடம் கேட்டு ஓரமாக ஒரு குழியும் நாலைந்து வாழையும் வைக்கலாம். வாழை நிறையத் தண்ணீர் குடிக்கும். அவர் வீடு கட்டும்போது மாற்றிக்கொள்ளலாம், அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன்.

செம்மண்தரை எழுதியது:

பின்மனை செம்பவாங் வாசி மாதிரி சிங்கப்பூரில் இருக்கிற ஒருவருடையதுதான். இன்றைக்கு ராத்திரி கூப்பிட்டுக் கேட்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை வெட்டுகிறோம் அண்ணே, அப்போதே வந்துவிடுங்கள். மண்வெட்டி நாலு இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். கடப்பாரை உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள்.